மூன்று நிமிடம்

சுப்பீரியர் ஏரி உறைந்து கிடக்கும் கரையில்
செம்புச் சுரங்கம் மூடிப்போன ஊர் எங்களுடையது.
நகர மன்றத்து எழுத்தர் நான்.
கூட்டத்தில் பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம்.
முடிந்ததும் மணியடிப்பது என் வேலை.

முப்பத்தொரு வருடம்
அந்த மணியை அதிகம் வாங்கியவள் வியெனோ கங்காஸ்.

மாதத்தின் இரண்டாம் செவ்வாய்.
வாசலில் காலணிப் பனியை உதறும் சத்தத்திலேயே
தலைவர் கண்ணை மூடிக்கொள்வார்.
வணக்கம் கிடையாது, முன்னுரை கிடையாது,
கையில் கிழித்த ஒரு துண்டுச் சீட்டு.

"மில் தெரு, கம்பம் இருநூற்றுப் பதினேழு.
விளக்கு எரியவில்லை. ஒன்பது வாரம்.
பாலத்துக் கைப்பிடியில் ஒரு கம்பி இல்லை.
ஆறு வயதுக் குழந்தை நுழையும் அகலம். அளந்தேன்."
எதை வைத்து அளந்தீர்கள் என்றார் ஓர் உறுப்பினர்,
சபையைச் சிரிக்கவைக்க.
"ஆறு வயதுக் குழந்தையை வைத்து."
அன்று மட்டும் மணியடிக்க மறந்தேன்.

மறைப்பானேன், எனக்கு அவளைப் பிடிக்காது.
அவள் வாய் திறந்தால்
என் குறிப்பேட்டில் ஒரு பக்கம் கூடும்,
வீட்டில் சூப் ஆறும்.

நூலகக் கூரை ஒழுகிய வருடம்
நிதி இல்லை என்றோம்.
மறுமாதம் ஒரு வாளியைத் தூக்கி வந்து
பட்ஜெட் தாள்களின்மேல் வைத்தாள்.
பாதிவரை பழுப்புத் தண்ணீர்.
"கூரை தந்த வரவு.
இதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்."
எழுதினேன். பக்கம் நூற்றுப் பன்னிரண்டில் இருக்கிறது.

இருமுறை தேர்தலில் நின்றாள்.
இரண்டாம் முறை பத்தொன்பது வாக்கில் போயிற்று.
அன்று முழுக்கத் துருப்பிடித்த வேனில்
நடக்க முடியாதவர்களை ஏற்றிக்கொண்டு
வாக்குச்சாவடிக்கும் வீட்டுக்கும் ஓடினாள்.
இறங்கியவர்களில் இருபது பேராவது
எனக்கு எதிராகக் குத்தியிருப்பார்கள் என்று
மளிகைக் கடையில் சொல்லிச் சிரித்தாளாம்.

ஈயக் குழாய்களை மாற்ற எட்டு வருடம் கேட்டாள்.
மாற்றினோம்.
ரிப்பன் வெட்டிய நாளில்
நன்றிக்குரியவர்கள் பட்டியலில் அவள் பெயர் இல்லை.
அதைத் தட்டச்சு செய்தவன் நான்.
கடைசி வரிசையில் நின்றிருந்தாள்,
ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து
வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்துக்கொண்டு.

பிப்ரவரியில் இறந்தாள்.
கடப்பாரை இறங்காத அளவு உறைந்த மண்.
மே மாதம் இளகும்வரை
கல்லறைத் தோட்டத்துக் கிடங்கில் காத்திருந்தது பெட்டி.
காத்திருப்பது அவளுக்கென்ன புதிதா.

தேவாலயத்துக் கீழ்த்தளத்தில், காப்பியின்போது,
மகள் அய்லி சொன்னாள்:
"என் பள்ளி நாடகத்துக்கு அம்மா வரவில்லை.
அன்று தண்ணீர்க் குழாய் வெடித்திருந்தது."
குறையா பெருமையா, முகத்தில் தெரியவில்லை.
ஏலக்காய் ரொட்டியைப் பிய்த்து
உண்ணாமல் தட்டிலேயே வைத்தாள்.

மார்ச் கூட்டம்.
பொதுமக்கள் பேசலாம் என்றார் தலைவர்.
நாற்காலிகள். வெந்நீர்க் கணப்பின் கொதிப்பு.
ஏழு நாற்பதுக்கு எல்லாம் முடிந்தது.
இத்தனை சீக்கிரம் முடிந்ததில் யாருக்கும்
எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

வீடு திரும்புகையில் மில் தெரு இருட்டாக இருந்தது.
வண்டியை நிறுத்தினேன்.
கம்பத்துத் தகட்டைப் படிக்க இறங்க வேண்டிய அவசியமே இல்லை.
இருந்தும் இறங்கி, பனியைத் துடைத்துப் படித்தேன்.

மறுநாள் காலை புகார்ப் படிவத்தை எடுத்தேன்.
இடம், எழுதினேன்.
கம்பம் எண், எழுதினேன்.
புகார்தாரர், சற்றுத் தயங்கி என் பெயர்.
அடுத்த கட்டம்: எத்தனை வாரமாக?

தெரியவில்லை.
தினமும் அந்த வழியாகத்தான் போகிறேன்.

மேல்கோட்டை மாட்டிக்கொண்டு
மில் தெருவில், கம்பத்துக்கு எதிர்வீட்டுக்
கதவைத் தட்டப் போனேன்.